பன்றி வளர்ப்பின் புவியியற் பரம்பல்: சிற்றளவும் பேரளவும்

கால்நடை வளர்ப்புப் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பல மாணவர்கள் "சாதகமான காலநிலை" என்பதையே முதற் காரணியாக எழுதுகின்றனர். புல்வெளியை நம்பியிருக்கும் ஆடு, மாடு ஆகியவற்றுக்கு இது பெரிதும் பொருந்தும். பன்றிக்கு அவ்வாறு பொருந்தாது. பன்றி தானியம், கிழங்கு, தவிடு, சமையல் மிச்சம் ஆகியவற்றை உண்டு கொட்டிலிலேயே வளரும். எனவே தீனி மலிவாகக் கிடைக்கும் இடத்திலும் இறைச்சியை வாங்குவோர் உள்ள இடத்திலும் பன்றி வளர்ப்புச் செறிந்து காணப்படும். இக்கருத்தை மனதிற் கொண்டு கீழ்வருவனவற்றைப் படியுங்கள்.

1. இரு வகைப் பண்ணைகள்

சிற்றளவுப் பண்ணை: வீட்டு வளவில் சில பன்றிகள், குடும்ப உழைப்பு, மிச்ச உணவும் தவிடும் தீனி, குறைந்த மூலதனம், உள்ளூர்ச் சந்தை.

பேரளவுப் பண்ணை: ஆயிரக்கணக்கான பன்றிகள், மூடிய கொட்டில், தயாரிக்கப்பட்ட கலப்புத் தீனி, கூலி உழைப்பும் இயந்திரங்களும், பதனிடும் தொழிற்சாலை, ஏற்றுமதி ஆகியவற்றுடன் தொடர்பு.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். ஓர் ஈற்றில் பத்து அளவிலான குட்டிகள் பிறக்கும். நல்ல தீனி கிடைத்தால் அவை ஆறு மாதத்தில் 100 கிலோகிராம் வரை வளரும். இட்ட பணம் விரைவில் திரும்புவதால் ஏழைக் குடும்பமும் பெரிய கம்பனியும் இத்தொழிலில் ஈடுபடுகின்றன.

2. சமயமும் உணவுப் பழக்கமும்

இஸ்லாமியரும் யூதரும் பன்றி இறைச்சியை விலக்குவதால் மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் பன்றி வளர்ப்பு மிகக் குறைவு. ஒரே நாட்டிற்குள்ளும் இவ்வேறுபாட்டைக் காணலாம். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், இந்துக்கள் வாழும் பாலித் தீவிலும் கிறிஸ்தவர் அதிகமாக வாழும் கிழக்கு நுசா தெங்காராவிலும் பன்றி வளர்ப்புச் செறிந்துள்ளது. இத்தீவுகளில் பெரும்பாலும் சிற்றளவு வளர்ப்பே இடம்பெறுகின்றது.

3. பேரளவு வளர்ப்பு இடம்பெறும் பிரதேசங்கள்

(அ) ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலம்: நாட்டின் பன்றிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்குள்ளது. இது சோளமும் சோயாவும் பெருமளவில் விளையும் பிரதேசமாகும். ஒரு கிலோ இறைச்சிக்குப் பல கிலோ தானியம் தேவை. ஆகவே தானியத்தைத் தூர இடத்துக்கு அனுப்புவதிலும், விளையும் இடத்திலேயே அதனை இறைச்சியாக்கி அனுப்புவது இலாபகரமானது.

(ஆ) டென்மார்க்: இங்கு மக்களிலும் பன்றிகளின் தொகை அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க, ரஷ்யத் தானியங்கள் ஐரோப்பாவிற் குவிந்தமையால் தானிய விலை வீழ்ந்தது. டேனிய விவசாயிகள் அம்மலிவான தானியத்தையே தீனியாக்கி, பன்றி இறைச்சியைப் பிரித்தானியாவுக்கு அனுப்பினர். 1887இல் ஹோர்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சித் தொழிற்சாலை ஆரம்பிக்கப்பட்டது. சிறு விவசாயிகளும் ஏற்றுமதிச் சந்தையை அடைய இக்கூட்டுறவு முறை வழிவகுத்தது.

4. மாறிவரும் சீனா

உலகப் பன்றிகளில் ஏறத்தாழ அரைவாசி சீனாவில் உள்ளன. சிச்சுவான், ஹெனான், ஹுனான் ஆகியன முக்கிய மாகாணங்கள். நெடுங்காலமாக இங்கு வீட்டு வளவு வளர்ப்பே நிலவியது. 2018 ஓகஸ்டில் இங்கு ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. பெருந்தொகையான பன்றிகள் அழிந்தன. நட்டத்தைத் தாங்க முடியாத சிறு வளர்ப்பாளர் பலர் தொழிலை விட்டு விலக, பெரிய கம்பனிகள் அவ்விடத்தைப் பிடித்தன. ஹுபெய் மாகாணத்தில் 26 மாடிக் கட்டடத்திலும் பன்றிகள் வளர்க்கப்படுகின்றன.

5. இலங்கை

எமது நாட்டில் பன்றி வளர்ப்புப் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, ஜா-எல, கொழும்பு எனச் செல்லும் மேற்குக் கரையோரத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் செறிந்துள்ளது. பெரும்பாலானவை சிற்றளவுப் பண்ணைகள். காரணங்கள்:

• போர்த்துக்கேயர் காலம் முதல் கத்தோலிக்கர் செறிந்து வாழ்தல்.
• நகர உணவகங்கள், ஹோட்டல்களின் மிச்ச உணவு கிடைத்தல்.
• தெங்கு முக்கோணத்தின் தேங்காய்ப் புண்ணாக்கும், அரிசி ஆலைத் தவிடும் கிடைத்தல்.
• கொழும்புச் சந்தையும் இறைச்சி பதனிடும் தொழிற்சாலைகளும் அண்மையில் இருத்தல்.

6. சாதகமே பாதகமாதல்

2024இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் உறுதிசெய்யப்பட்டது. இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நோயுற்ற பன்றியைக் குணப்படுத்த மருந்தில்லை. இந்த வைரசு நன்கு வேகாத பன்றி இறைச்சித் துண்டுகளில் நீண்டகாலம் உயிர்ப்புடன் இருக்கும். ஹோட்டல் மிச்சத்தைக் கொதிக்கவைக்காமற் கொடுத்தால் நோய் கொட்டிலுக்குள் வந்துவிடும். பண்ணைகள் நெருங்கி அமைந்திருப்பதாலும், வியாபாரிகளும் வாகனங்களும் பண்ணைக்குப் பண்ணை சென்றுவருவதாலும் அது விரைவாகப் பரவும். மலிவான தீனியும் அருகிலுள்ள சந்தையுமே இத்தொழிலை இங்கு வளர்த்தன; நோய் பரவவும் அவையே வழியாயின. பேரளவுப் பண்ணை வேலியமைத்து, வருவோரைத் தடுத்து, கிருமிநீக்கம் செய்யும். நான்கு பன்றிகளை நம்பிப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு அவ்வசதி இல்லை. மிச்ச உணவை நன்கு கொதிக்கவைத்தல், கொட்டிலுக்குள் பிறரை விடாமை, நோயைக் கண்டவுடன் கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் என்பனவே அக்குடும்பம் செய்யக்கூடியவை.

மாதிரி வினா

இலங்கையின் மேற்குக் கரையோரத்தில் பன்றி வளர்ப்புச் செறிந்திருப்பதற்கான காரணிகள் மூன்றைக் குறிப்பிட்டு, அவற்றில் ஒன்றை விளக்குக.

விடை எழுதும் முறை: தீனி, சந்தை, சமயம் என வெறுமனே பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். விளக்கும் காரணிக்கு ஓர் இடத்தின் பெயரையும், அக்காரணி அங்கு எவ்வாறு செயற்படுகின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "தீனி" என்பது பெயர். "நீர்கொழும்பு ஹோட்டல்களின் மிச்ச உணவு தீனிச் செலவைக் குறைக்கின்றது" என்பதே விளக்கம்.