பிரசவத்துக்குப் பின் முடி ஏன் கொட்டுகிறது?

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் தவறுதான். ஆனால் காலக் கணக்கு வியக்கத்தக்க அளவுக்குச் சரி. குழந்தையின் முகச்சிரிப்பு இரண்டாம் மாதவாக்கில் தொடங்குகிறது. மூன்றாம் மாதத்தில் வீடே அதில் மயங்கிக் கிடக்கும். தாயின் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, வளர்ச்சி நின்று, 3 மாதம்போல ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். ஒன்று வளரும்போது இன்னொன்று ஓய்வில் இருப்பதால், தினமும் 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் நமக்கு உறைப்பதில்லை.

கர்ப்பம் இந்த முறையைக் கலைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு உயர, ஓய்வுக்குப் போகவேண்டிய முடிகள் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. வளைகாப்பு நாளில் பின்னல் கனத்துத் தெரிவது அதனால்தான். அந்த ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருந்தது நஞ்சுக்கொடி. பிரசவத்தில் அது வெளியேறியதும் சில நாட்களிலேயே அளவு சரிந்துவிடுகிறது. காத்திருந்த முடிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வுக்காலம் 3 மாதம் என்பதால் உதிர்வும் 3 மாதம் கழித்தே வருகிறது. அதற்குள் பிரசவம் பழைய செய்தியாகிவிடுவதால், பாவம், அந்தப் பெண் நேற்று மாற்றிய ஷாம்பூவைச் சந்தேகிக்கிறாள்.

இவ்வகை உதிர்வுக்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்ற பெயரை 1961-இல் தந்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்.

உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரியும். வேரே போய்விட்டது என்று பலர் கலங்குவது அதைப் பார்த்துத்தான். அது ஓய்வு முடித்த முடியின் அடிநுனி மட்டுமே. குழி தோலுக்குள் உயிரோடு பத்திரமாக இருக்கிறது. கொஞ்ச நாளில் நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் வருவதற்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். இடையில் தேய்த்த எண்ணெய்க்கு அந்தப் பெருமை போய்ச் சேர்வதுண்டு.

 

எல்லா உதிர்வையும் பிரசவத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு ஒரு முக்கியக் காரணமான இரும்புச்சத்துக் குறைவும் முடியை உதிர்க்கும். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும் உண்டு. ஓராண்டு தாண்டியும் கொட்டுவது நிற்கவில்லை என்றாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.