உங்களுக்குத் தெரியுமா? பல் போடாத அம்மாக்கள்!

இறைச்சிக்காக வளர்க்கும் கிடேரிகள் பொதுவாக 12 முதல் 14 மாதத்தில் பருவத்துக்கு வரும். ஆனால் சில அவசரக்காரிகள் 6, 7 மாதத்திலேயே தயார். அப்போது அவை இன்னும் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்!

மாட்டுக்கு ஏது அண்ணன், தங்கை? காயடிக்காமல் விட்ட காளைக்கன்று 7, 8 மாதத்திலேயே கூடப் பிறந்தவளைச் சினையாக்கிவிடும்!

வயதைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்! வளர்ந்த பசுவின் எடையில் 55 முதல் 65 சதவீதத்தைத் தொட்டாலே பருவம்தான். 600 கிலோ பசுவின் மகளுக்கு 330 கிலோவே போதும்!

இந்திய ரத்தம் ஓடும் பிராமன் இனக் கிடேரி ரொம்ப நிதானம். ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு கிடேரிகளைவிடப் பல மாதம் தள்ளித்தான் பருவத்துக்கே வரும்!

பருவம் வருவது 21 நாளுக்கு ஒருமுறை. காளைக்கு நின்று கொடுப்பதோ சில மணி நேரம்தான். ஆனாலும் காளை ஒரே ஒரு ராத்திரி வேலி தாண்டினால் போதும், கதை முடிந்தது!

இயற்கையே கருத்தடை செய்த கிடேரியும் உண்டு! காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் 100-க்கு 90-க்கு மேல் ஆயுசுக்கும் சினை பிடிக்காது!

அமெரிக்காவில் மாட்டைக் கொழுக்க வைக்கும் பண்ணைகளில் கிடேரிகளுக்குத் தீவனத்திலேயே மருந்து. பெயர் மெலன்ஜெஸ்ட்ரால் அசிடேட். அவ்வளவு பெரிய உடம்பில் பருவத்தை நிறுத்த ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம் போதும்! ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குத் தடை!

வட ஆஸ்திரேலியாவில் வயிற்றைக் கிழிக்காமலே கருத்தடை! பிறப்புறுப்பு வழியாக நீளக் கருவியை விட்டு, சூலகத்தை அறுத்து, வயிற்றுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். தையலே கிடையாது!

அமெரிக்காவின் சில மாநிலங்களில் சூலகம் நீக்கிய கிடேரிக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள். என்ன அடையாளம் தெரியுமா? சீட்டுக்கட்டு இஸ்பேடு!

தப்பிச் சினை பிடித்துவிட்டதா? முதல் சில மாதங்களுக்குள் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் கலைந்துவிடும். ஆனால் கர்ப்பிணிகள் அந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்!

சினையா, இல்லையா? ஸ்கேன் கருவி 30-வது நாளிலேயே சொல்லிவிடும்!

இதையெல்லாம்விட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது. 6 மாதத்துக்குள் காளைக்கன்றையும் கிடேரியையும் தனித்தனிப் பட்டியில் அடைத்துவிடுங்கள்!

பாவம், 7 மாதத்தில் சினை பிடித்த கிடேரி 283 நாளில் ஈன்றாக வேண்டும். அப்போது அதன் வயது வெறும் 16 மாதம். இடுப்பு எலும்பு விரியவில்லை. பால் பல் ஒன்றுகூட விழவில்லை!