கேதார்காந்தாவின் கடைசி 400 மீட்டர்

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சாங்க்ரி கிராமத்துக்கு மேலே இருக்கிறது கேதார்காந்தா. உயரம் சுமார் 3,800 மீட்டர். இமயமலைக் கணக்கில் சின்ன மலைதான். குளிர்கால மலையேற்றத்துக்குப் புதியவர்கள் டிசம்பரிலிருந்தே இங்கு குவிகிறார்கள். கடைசி முகாமிலிருந்து உச்சிக்கு ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 400 மீட்டர். கோடையில் அது புல்மேடு. ஜனவரியில் பெரும்பனி கொட்டிய மறுநாளோ, நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள்கூடப் பாதி மேட்டில் நின்று திரும்புகிறார்கள். அவர்களுக்கு மனஉறுதி போதவில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காலடியில் கிடக்கும் பனியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் யாருமே அப்படிச் சொல்லமாட்டார்கள்.

புதிதாக விழுந்த வெண்பனியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ வெறும் காற்று. ஒரு கன மீட்டர் பனி பெரும்பாலும் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே அளவு பனிக்கட்டியோ 917 கிலோ. இவ்வளவு இளகலான பொருள் மனித எடையைத் தாங்காது. ஒவ்வோர் அடியிலும் கால் புதையும். அதைத் தூக்கி எடுத்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். இதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை பாண்டால்ஃப் தலைமையிலான அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் அளந்து, 1976இல் வெளியிட்டார்கள். அவர்களின் சூத்திரப்படி, கால் 25 செ.மீ. புதைந்தால் டிரெட்மில்லில் அதே வேகத்தில் நடப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் தேவை. 45 செ.மீ. புதைந்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இது சமதளத்துக்கான கணக்கு. கேதார்காந்தாவில் மேட்டின் செலவு தனி. அங்கே காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் உள்ளதில் 63 சதவீத அளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. முன்னால் போய்ப் பனியை மிதித்துத் தடம் போடுபவர்தான் அதிகம் பாடுபடுகிறார். அதனால்தான் அவரை அடிக்கடி மாற்றுகிறார்கள்.

களைப்பாவது உடலுக்குத் தெரியும். பனிக்குள் நிகழும் மாற்றமோ கண்ணுக்கே தெரியாது. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறுகள்' எனும் வானிலை அமைப்புகள்தான் இந்த மலைகளில் குளிர்காலப் பனியைக் கொட்டுகின்றன. ஓர் இடையூறு போய் அடுத்தது வரும்வரை வானம் தெளிந்திருக்கும். இரவில் பனியின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போகும். அடியில், மண்ணை ஒட்டிய பனி பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்கும். இந்த வித்தியாசம் மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினால், கீழிருந்து நீராவி மேலே நகர்ந்து, பனித்துகள்களைப் பட்டைதீட்டிய, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சீனிபோல உதிரும். பருவத் தொடக்கத்தில் பனி மெல்லிய படுகையாக இருக்கும்போதுதான் இது வேகமாக நடக்கிறது. பிறகு அதன்மேல் புதுப்பனி விழுகிறது. காற்றும் முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் இறுக்கமான பலகைபோலப் படிய வைக்கிறது. மேலே கனம், அடியில் பிடிப்பில்லாத அடுக்கு.

அந்தப் பலகையை ஒருவர் மிதிக்கும்போது அடியடுக்கு நொறுங்கினால், 'வும்' என்று அமுங்கிய ஓசை கேட்கும். பனிச்சரிவு அபாயத்தை உணர, அனுபவமுள்ள வழிகாட்டிக்கு அந்த ஒரு சத்தம் போதும். பனிப்பலகைகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் பெயர்கின்றன. நடந்து ஏறத் தோதாகத் தெரியும் சரிவுகளும் அவற்றில் உண்டு என்பதுதான் கொடுமை. இதே மாவட்டத்தில் 2022 அக்டோபர் 4 அன்று, திரௌபதி கா டண்டா-2 மலையில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் உயர்நிலைப் பயிற்சியில் இருந்தவர்கள்.

பொழுதையும் பார்க்க வேண்டும். இரவுக் குளிரில் இறுகிய மேலோடு ஆளைத் தாங்கும் என்பதால், உச்சிக்கான நடை விடியுமுன்பே டார்ச் வெளிச்சத்தில் தொடங்குகிறது. வெயில் ஏறினால் மேலோடு இளகும். ஏறும்போது தாங்கிய தடமே இறங்கும்போது தொடைவரை இழுக்கும். எனவே, எங்கே நின்றாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று வழிகாட்டிகள் முன்பே முடிவுசெய்கிறார்கள். அந்த வேளையில் "அண்ணா, இன்னும் பத்தே நிமிஷம்" என்று யாரும் அவர்களைக் கெஞ்சக் கூடாது. முழங்கால் ஆழப் பனியில் பத்து நிமிடம் எளிதில் அரைமணியாகும். அது இறங்குவதற்கு வைத்திருக்கும் நேரத்திலிருந்துதான் போகும்.