படம் ஓடவில்லை, பாட்டு ஓயவில்லை

ஹிந்தித் திரையிசை ஜாம்பவான்களின் கடைசிக் காலப் பாடல்களை நாம் கேட்கத் தவறியது ஏன்?

பழைய ஹிந்திப் பாட்டுப் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நௌஷாத் என்றால் 'பைஜு பாவ்ரா', 'மொகலே ஆஜம்' என்பார்கள். ஓ.பி.நய்யார் என்றால் 'நயா தௌர்'. ரவி என்றால் 'சௌத்வீன் கா சாந்த்'. ஜெய்தேவ் என்றால் 'ஹம் தோனோ'. அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், "அப்புறம் அவங்க காலம் முடிஞ்சு போச்சு சார்" என்று ஒரே வரியில் ஃபைலை மூடிவிடுவார்கள்.

காலம் அப்படியொன்றும் முடிந்துவிடவில்லை. நௌஷாத்தின் கடைசிப் படம் வெளிவந்தது 2005இல். ஜெய்தேவுக்குக் கிடைத்த மூன்று தேசிய விருதுகளுமே 'ஹம் தோனோ'வுக்குப் பத்து வருடங்கள் கழித்துத் தொடங்கியவை. ரவிக்கு இன்னொரு மொழியில் இரண்டாவது ஜென்மமே வாய்த்தது. இவர்களுடைய பிற்காலப் பாடல்களை வரிசையாகக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும். சரிந்தது இவர்களுடைய மார்க்கெட்தான், மெட்டுப் போடும் கை அல்ல. பெரிய பேனரும் பெரிய பாடகர்களும் கைவிட்டுப்போன அந்த நாட்களில்தான் இவர்கள் புதுக் குரல்களைத் தேடிப் போனார்கள். அந்தத் தேடலால் லாபம் அடைந்தது நாம்தான்.

வயதா காரணம்?

இவர்கள் ஒதுங்கியதற்கு வயதைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் 1969இல் கிஷோர் குமாரை உச்சாணிக்கொம்பில் ஏற்றி, ராஜேஷ் கன்னாவை சூப்பர் ஸ்டார் ஆக்கி, ஹிந்திப் பாட்டின் போக்கையே திருப்பிவிட்ட 'ஆராதனா'வின் இசையமைப்பாளர் எஸ்.டி.பர்மன். அப்போது அவருக்கு வயது 63. வயது ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

காரணங்கள் வேறு. மெட்டுக்கு வரி எழுதிய தோழர்கள் போனார்கள். ஷைலேந்திரா 1966இலும், நௌஷாத்தின் வலது கையாக இருந்த ஷகீல் பதாயுனி 1970இலும் மறைந்தார்கள். எழுபதுகளின் நடுவில் 'ஷோலே', 'தீவார்' என்று அடிதடி நாயகனின் காலம் வந்தது. நாயகன் நின்று நிதானமாகக் காதலைப் பாடுவதற்குத் திரைக்கதையில் இடம் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாட்டு காதில் விழ வேண்டுமென்றால் படம் ஓட வேண்டும். ஓடுகிற படத்தின் இசைத்தட்டுதான் விற்கும், விற்கிற தட்டைத்தான் ரேடியோ திரும்பத் திரும்பப் போடும். படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போனால் பாட்டும் கூடவே போயிற்று.

இது வெறும் ஊகம் அல்ல, உதாரணம் இருக்கிறது. மதன் மோகன் 1975 ஜூலையில், 51 வயதில் இறந்தார். வாழ்நாளில் ஒரு ஃபிலிம்ஃபேர் விருதுகூடப் பெறாதவர். அவர் பயன்படுத்தாமல் விட்டுப்போன மெட்டுகளை அவர் மகன் சஞ்சீவ் கோலி எடுத்துக்கொடுக்க, யஷ் சோப்ராவின் 'வீர்-ஜாரா' 2004இல் வந்தது. ஷாருக் கான் படம், ஜாவேத் அக்தரின் புது வரிகள். நாடே பாடியது. 29 வருடங்களுக்கு முன் இறந்துபோனவரின் அலமாரி மெட்டு, பெரிய பேனர் கிடைத்ததும் சூப்பர் ஹிட்!

மதராஸ் வந்த நௌஷாத்

நௌஷாத்தின் பிற்காலத்தைத் தமிழ் ரசிகர்கள் அவசியம் கேட்க வேண்டும். ஏனென்றால் அதில் பாதி நம் ஊர்ச் சரக்கு. 'ராம் அவுர் ஷ்யாம்' (1967) நாகிரெட்டியின் படம். தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யை இயக்கிய சாணக்யாதான் அதற்கும் இயக்குநர். அது பெரிய வெற்றி. அடுத்து வந்த இரண்டும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 'ஆலயமணி'யின் ஹிந்தி வடிவமான 'ஆத்மி' (1968) பீம்சிங் இயக்கத்திலும், 'பாலும் பழமும்' கதையான 'சாத்தி' (1968) ஸ்ரீதர் இயக்கத்திலும் வந்தன.

'சாத்தி'யின் பாடல்களை இப்போது கேட்டால் இது நௌஷாத்தானா என்று சந்தேகம் வரும். தோலக்கும் சாரங்கியும் பின்னுக்குப் போய், மேற்கத்திய வாத்தியங்கள் முன்னுக்கு வந்திருக்கின்றன. ஷகீலுக்குப் பதில் மஜ்ரூ சுல்தான்புரி. ராஜேந்திர குமாருக்கு வழக்கமான ரஃபிக்குப் பதில், 'அந்தாஸ்' (1949) நாட்களில் நௌஷாத்திடம் பாடிய முகேஷ். அவரும் சுமன் கல்யாண்பூரும் சேர்ந்து பாடும் டூயட்டில் அவசரமே கிடையாது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், தன் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு வேறு உடுப்பு போட்டுப் பார்க்கிறார். அது பொருந்தியும் இருக்கிறது. ஒரு யோசனை: 'பாலும் பழமும்', 'ஆலயமணி' இரண்டுக்கும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி போட்ட மெட்டுகளையும், அதே கதைக்கு நௌஷாத் போட்டவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளிகளின் குணமும் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும்.

'ஆத்மி'யில் இன்னொரு வேடிக்கை. ஆண்கள் இருவர் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்றை ரஃபியும் தலத் மெஹ்மூதும் பாடினார்கள். இசைத்தட்டில் அது அப்படியே இருக்கிறது. படத்திலோ தலத் இல்லை, அவர் பாடிய பகுதியில் மகேந்திர கபூரின் குரல். இரண்டையும் கேட்டவர்களுக்குத் தெரியும், தலத்தின் அந்த மெல்லிய நடுக்கம் இல்லாமல் பாட்டின் பாதி உயிர் போய்விட்டது என்று.

பாலசந்தரின் 'அரங்கேற்றம்' ஹிந்தியில் 'ஆயினா' (1977) ஆனபோதும் இசை நௌஷாத்தான். 1988இல் 'த்வனி' என்ற மலையாளப் படத்துக்கு வந்தார். பிரேம் நசீரின் கடைசிப் படங்களில் ஒன்று அது. அதில் ராமனைப் போற்றும் ஒரு சமஸ்கிருதப் பாட்டு. எழுதியவர் யூசுபலி கேச்சேரி, மெட்டு நௌஷாத், பாடியவர் யேசுதாஸ். மலையாளிகள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். ஹிந்திக்காரர்களில் பலருக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது.

வேலூர்க் குரலும் மழை ராகமும்

'ஜனக் ஜனக் பாயல் பாஜே', 'கூஞ்ச் உட்டீ ஷெஹ்னாய்' படங்களின் வசந்த் தேசாயைக் கர்நாடக இசை ரசிகர்கள் வேறு வழியில் அறிவார்கள். 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய 'மைத்ரீம் பஜத'வுக்கு மெட்டமைத்தவர் அவர்தான்.

ரிஷிகேஷ் முகர்ஜி 'குட்டி' (1971) எடுத்தபோது தேசாய் ஐம்பதுகளின் இறுதியில் இருந்தார். லதாவைக் கூப்பிட்டிருந்தால் கேள்வி கேட்பார் இல்லை. ஆனால் வேலூரில் பிறந்து, பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டிருந்த வாணி ஜெயராமை அழைத்தார். 'போலே ரே பபீஹரா' பிறந்தது. ராகம் மியான் கி மல்ஹார், மழைக்கால ராகம். காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஊசலாட்ட வேண்டும். இரண்டு நிஷாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடக்க வேண்டும். கச்சேரி மேடையில் வித்வான்கள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு செய்வதை, மூன்றரை நிமிடத்துக்குள், ஒரு பள்ளி மாணவியின் குரல் என்று நம்பும்படி செய்ய வேண்டும். வாணி செய்தார். ராக லட்சணம் ஒரு இழைகூடக் குறையவில்லை, குழந்தைத்தனமும் போகவில்லை.

அதே படத்தில் அவர் பாடிய பிரார்த்தனைப் பாடல் வட இந்தியப் பள்ளிகளின் காலை வணக்கமாகவே ஆகிவிட்டது. பாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வசந்த் தேசாய் என்ற பெயர் தெரியும்? 1975 டிசம்பரில் ஒரு லிஃப்ட் விபத்தில் அவர் உயிர் போனது.

பின்னாளில் வாணியை நௌஷாத் அழைத்தார். ஆஷா போஸ்லேயைப் பிரிந்தபின் ஓ.பி.நய்யாரும் அழைத்தார். அந்தக் கால மூத்தவர்களின் கடைசி அத்தியாயத்தில் இந்தத் தமிழ்ப் பெண்ணின் குரல் அடிக்கடி ஒலிப்பது தற்செயல் அல்ல. லதா-ஆஷா ராஜ்ஜியத்துக்கு வெளியே, எதைக் கொடுத்தாலும் பாடக்கூடிய குரல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சங்கர்-ஜெய்கிஷனில் சங்கர், அய்யங்கார் வீட்டுப் பெண்ணான சாரதாவைப் பிடிவாதமாகப் பாடவைத்ததும் இதே கதைதான்.

ஜெய்தேவ் என்கிற தனி ரகம்

இந்தக் கட்டுரைக்கு நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஜெய்தேவ். நைரோபியில் பிறந்தவர். சரோத் மேதை அலி அக்பர் கானிடமும், பிறகு எஸ்.டி.பர்மனிடமும் உதவியாளராக இருந்தவர். 'ஹம் தோனோ' (1961), 'முஜே ஜீனே தோ' (1963) என்று இரண்டு பெரிய வெற்றிகள். அதற்குமேல் பெரிய பேனர்கள் அவரை அதிகம் தேடி வரவில்லை. வந்தவையெல்லாம் சின்னப் படங்கள், கலைப் படங்கள், பெட்டிக்குள் போன படங்கள்.

அந்தப் படங்களில் அவர் செய்ததைப் பாருங்கள். 'ரேஷ்மா அவுர் ஷேரா'வில் (1971) ராஜஸ்தான் மணல்வெளியின் மாண்ட் ராகத்தில் லதாவுக்கு ஒரு பாட்டு. 'பிரேம் பர்பத்'தில் (1973) மலைக்காற்றுபோல லதாவுக்கு இன்னொன்று. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்குமே இல்லை என்கிறார்கள். படமே அழிந்துபோனது, பாட்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. 'ஆலாப்'பில் (1977) அமிதாப் பச்சனுக்கு, அவருடைய தந்தை ஹரிவன்ஷ்ராய் பச்சனின் கவிதையை யேசுதாஸ் குரலில் தாலாட்டுப்போல இழைத்தார். அமிதாப் அடிதடியில் கொடிகட்டிப் பறந்த நேரம். அவர் பாடகனாக வந்து உட்கார்ந்ததை ரசிகர்கள் ஏற்கவில்லை, படம் படுத்தது.

உச்சம் 'கமன்' (1978). உத்தரப் பிரதேச கிராமத்திலிருந்து பம்பாய் வந்து டாக்ஸி ஓட்டும் இளைஞனின் கதை, முசாஃபர் அலியின் முதல் படம். நகரத்து நெரிசலில் டாக்ஸி நகரும்போது சுரேஷ் வாட்கர் பாடுகிறார். ஊரில் காத்திருக்கும் மனைவிக்கு, மக்தூம் மொஹியுதீனின் கஜலை சாயா கங்கூலி பாடுகிறார். குரலுக்கு முன்னால் எந்த வாத்தியமும் வந்து நிற்பதில்லை. சோகத்தைப் பிழிந்து கொடுப்பதும் இல்லை. காத்திருந்து காத்திருந்து பழகிப்போனவளின் நிதானம் அந்தக் குரலில் இருக்கிறது. சாயா கங்கூலிக்கும் ஜெய்தேவுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதே படத்தில் ஒரு கஜலைப் பாடிய புதுப் பையனின் பெயர் ஹரிஹரன். 'ரோஜா' வழியாக அவர் நம் வீட்டுக்குள் வந்தது அதற்கு 14 வருடங்கள் கழித்து. இன்னொரு முடிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2005இல் 'தாஜ்மஹால்' படத்துக்காக, 86ஐ நெருங்கிக்கொண்டிருந்த நௌஷாத் தன் கடைசி மெட்டுகளைப் போட்டபோது, பாட வந்தவர்களில் ஒருவர் அதே ஹரிஹரன்.

ஜெய்தேவ் அதோடு நிற்கவில்லை. அமோல் பாலேகரின் 'அன்கஹீ'யில் பண்டிட் பீம்சேன் ஜோஷியைப் பாடவைத்தார். ஜோஷிக்கும் தேசிய விருது, ஜெய்தேவுக்கு மூன்றாவது. இசையமைப்பாளர் ஒருவர் மூன்று முறை அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. சம்பாத்தியம் மட்டும் ஏறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், பம்பாய் சர்ச்கேட்டில் பேயிங் கெஸ்ட்டாகவே காலம் கழித்து, 1987 ஜனவரியில் இறந்தார்.

தெற்கே திறந்த கதவு

ரவியின் கதை சந்தோஷமானது. 'வக்த்', 'ஹம்ராஸ்' என்று அறுபதுகளில் ஓஹோவென்று இருந்தவர், எழுபதுகளில் மங்கினார். 'நிக்காஹ்' (1982) ஒருமுறை தூக்கிவிட்டது. அதிலும் சல்மா ஆகா என்ற புதுக் குரல்தான். பிறகு 1986இல் மலையாளத்தில் 'பஞ்சாக்னி', 'நகக்ஷதங்கள்'. அங்கே அவர் பெயர் பாம்பே ரவி. 'நகக்ஷதங்கள்', 'வைசாலி' இரண்டு படங்களிலும் அவர் மெட்டைப் பாடிய சித்ராவுக்குத் தேசிய விருது. 1994ஆம் ஆண்டின் தேசிய விருது 'பரிணயம்', 'சுக்ருதம்' படங்களுக்காக ரவிக்கே வந்தது. ஹிந்தியில் நாற்பது வருடங்களாகக் கிடைக்காத மரியாதையை, எழுபதை நெருங்கும் வயதில், தனக்குப் புதிதான ஒரு மொழி கொடுத்தது.

ஓ.பி.நய்யாரும் தெலுங்கில் 'நீராஜனம்' செய்தார். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடினார்கள். குதிரைக் குளம்புத் தாளம் போட்ட மனிதரா இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று தோன்றும். சலில் சௌத்ரி பாலு மகேந்திராவுக்காக 'அழியாத கோலங்கள்' (1979) செய்ததை நாம் அறிவோம். 'ஆனந்த்' சலிலைத் தெரிந்த அளவுக்கு இந்தச் சலிலைத் தெரிந்தவர்கள் ஹிந்தியில் இல்லை.

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல வரவில்லை. டிரெண்டைத் துரத்தியபோது இவர்கள் சறுக்கினார்கள். எண்பதுகளின் மசாலாவோடு போட்டி போட்ட நௌஷாத்தின் 'தரம் காண்டா' (1982) அவர் பெயருக்குப் பெருமை சேர்க்கவில்லை. ஜெய்கிஷன் 1971இல் போனபின், ஜோடிப் பெயரிலேயே 1987 வரை சங்கர் தனியாக இசையமைத்த படங்களில் பழைய பாணியின் நகல்களும் உண்டு. யாரையும் பார்த்துச் செய்யாமல், தனக்குத் தெரிந்ததைப் புதுக் குரலிடம் ஒப்படைத்த இடங்களில்தான் இவர்கள் ஜெயித்தார்கள்.

முன்பு இந்தப் பாட்டுகளைக் கேட்க வழியில்லை என்று சாக்குச் சொல்லலாம். இன்று எல்லாமே செல்போனில் கிடைக்கிறது. ஆனால் செயலி நமக்கு நீட்டுவது ஏற்கெனவே ஹிட்டான ஐம்பது பாட்டுகளைத்தான். மீதியை நாமேதான் பெயர் சொல்லித் தேட வேண்டும். 'கமன்', 'சாத்தி', 'குட்டி', 'த்வனி', 'வைசாலி' என்று இந்த ஐந்தில் தொடங்குங்கள். ஒரு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று தடவையாவது கேளுங்கள். 'பைஜு பாவ்ரா'வை நாம் முப்பது தடவைக்குக் குறையாமல் கேட்டிருக்கிறோம், அதில் பத்தில் ஒரு பங்கையாவது இவற்றுக்குக் கொடுப்பதுதான் நியாயம்.