பிடியைப் பாருங்கள்

வாள் பார்க்க வருபவர்கள் அலகைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். செய்தவரின் சாமர்த்தியத்தில் பாதி பிடிக்குள் இருக்கிறது.

 

நம் நாட்டு வாள்கள் பலவற்றில் அலகின் ஒடுங்கிய வாலை இரும்புப் பிடிக்குள் செருகி, இடைவெளியில் உருக்கிய அரக்கை நிரப்புவார்கள். ஆறினால் இறுகிவிடும், தளர்ந்தால் சூடுகாட்டி மறுபடி பதிக்கலாம். நீண்ட நேர்வாளுக்கு அது போதாது. பிடியிலிருந்து இறங்கும் இரண்டு பட்டைகள் அலகை இருபுறமும் கவ்வ, ஊடே ஆணி அறைந்திருக்கும்.

ஜப்பானியர் அரக்கை நாடவில்லை. இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து ஒட்டிய பிடி, அதன் குறுக்கே பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணி. தட்டி எடுத்தால் பிடி கையோடு வந்துவிடும். உள்ளே வாலில் கொல்லர் தம் பெயரை வெட்டியிருப்பார், எல்லாரும் அல்ல. அங்குள்ள துருவைத் தேய்க்கவே கூடாது. வாளின் வயதைக் கணிக்க அதுவும் ஒரு சான்று.

மரத்தின்மேல் போர்த்தியிருப்பது, நம் மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த திருக்கையின் தோல். அதன்மேல் பட்டுக்கயிற்றை இறுக்கிச் சுற்றுவார்கள். கயிற்றின் இடையே சாய்சதுரங்களில் தெரியும் வெள்ளை மணிகள் அந்தத் தோல்தான். சொரசொரப்பு கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலும் சயாமிலும் திருக்கைத் தோல் வாங்கி ஜப்பானுக்குக் கப்பலேற்றியது. மணி பெரிதாக இருந்தால் விலையும் கூடுதல்.