32 லட்சம் டிசைனும் ஒரு கொக்கியும்



"மெஷின் லேர்னிங் எல்லாம் கம்ப்யூட்டர் பிரிவுக்காரன் சமாச்சாரம். சிவில்காரனுக்கு எதுக்குடா?" என்று விடுதியில் என் அறை நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பகுதியில் பூகம்பம். 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் இடிந்து விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவர் எழுப்பாமல், வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை. மேல்தளங்கள் செங்கல் சுவரால் விறைப்பாக நிற்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விடிந்தது. இதைத்தான் 'சாஃப்ட் ஸ்டோரி' என்கிறோம்.

சரி, எல்லாத் தூணையும் பெரிசாகப் போட்டுவிட்டால்? எடை கூடும், எடை கூடினால் பூகம்ப விசையும் கூடும், செலவும் கூடும். அளவாகப் போட வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி 5 வகைத் தூண், 4 வகை பீம் என்றால் 20 விதம். ஐந்து மாடிக்கும் சேர்த்து 20×20×20×20×20, அதாவது 32 லட்சம் டிசைன்! ஒன்றை அனாலிசிஸ் செய்ய 10 நிமிஷம் என்றாலும் மொத்தம் சுமார் 61 வருஷம். ரிசல்ட்டைப் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள்.

இங்கேதான் மெஷின் லேர்னிங் கைகொடுக்கிறது. 500 டிசைனை மட்டும் முழுசாக அனாலிசிஸ் செய்கிறோம். மூன்றரை நாள் வேலை. தூண், பீம் அளவுகளையும், ஒவ்வொரு மாடியும் எவ்வளவு நகர்ந்தது என்பதையும் கம்ப்யூட்டருக்குப் பாடமாகக் கொடுக்கிறோம். சர்வே பிராக்டிகலில் சில புள்ளிகளில் மட்டும் லெவல் எடுத்து, நடுவில் இன்டர்போலேஷன் போட்டு கான்டூர் வரைகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். மீதி டிசைன்களுக்கு விடை நொடியில் வந்துவிடும். ஐ.எஸ். 1893 சொல்கிறபடி மாடி உயரத்தில் 0.004 பங்குக்குள், அதாவது 3 மீட்டருக்கு 12 மில்லிமீட்டருக்குள் நகர்வு இருப்பவற்றில் செலவு குறைந்த பத்தைப் பொறுக்கி, அவற்றை மறுபடி முழு அனாலிசிஸ் செய்து சரிபார்க்க வேண்டும்.

ஏன் சரிபார்க்க வேண்டும்? லெவல் எடுக்காத வயலுக்கு கான்டூர் வரைய முடியுமா? பாடமாகக் கொடுத்த 500-லும் கீழ்த்தளச் சுவர் இருந்திருந்தால், சுவரில்லாத கட்டிடத்தைப் பற்றிக் கேட்டாலும் கம்ப்யூட்டர் கூசாமல் ஒரு எண்ணைச் சொல்லும். அதை நம்பிக் கட்டினால் அகமதாபாத் கதைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குப் போன ஒரு சைட்டில் தூண் ரிங்குகளின் கொக்கியை 90 டிகிரிதான் வளைத்திருந்தார்கள். ஐ.எஸ். 13920 கேட்பது 135 டிகிரி. அப்போதுதான் கொக்கி உள் கான்கிரீட்டைக் கவ்வி நிற்கும். 90 என்றால் கவர் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். கேட்டேன். "தம்பி, இங்க எங்க பூகம்பம் வரப்போவுது?" என்று சிரித்தார் கம்பி கட்டும் அண்ணன். 2002-இல் திருத்திய ஐ.எஸ். 1893 சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது என்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேசாமல் வந்துவிட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

32 லட்சத்தில் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்த டிசைனும் ரிங் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது. நண்பர்களே, நாளை சூப்பர்வைசராக சைட்டில் நிற்கப்போவது நாம். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் குனிந்து அந்தக் கொக்கியைப் பாருங்கள். தப்பாக இருந்தால், என்னை மாதிரி இருந்துவிடாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள்.