வெண்முடிக் குழந்தை: பழி தாய்க்கல்ல!

மாநிறத் தம்பதிக்கு வெள்ளை முடியும் வெளுத்த தோலுமாகக் குழந்தை பிறந்தால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. கிரகணத்தன்று வெளியே போனாள் என்று தாயின் தலையில் பழி விழுகிறது. இதில் துளியும் உண்மையில்லை.

கல்கத்தா ஜாதவ்பூரிலுள்ள இந்திய இரசாயன உயிரியல் நிலையத்தைச் சேர்ந்த குணால் ரே குழுவினர், வங்காளத்தின் திலி சமூகத்தில் இவ்வாறு பிறப்போர் அதிகமிருப்பதன் காரணத்தை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டனர். முடிக்குக் கருமை தருவது மெலனின். அதைத் தயாரிக்க உதவும் டைரோசினேஸ் ஜீனில், ஒரு மூதாதையிடமிருந்து வழிவழியாக வந்த மாறுதலே காரணம்.

தாய், தந்தை இருவரும் பழுதான ஜீனைக் கொடுத்தால்தான் குழந்தைக்கு இக்குறை வரும். இருவரும் அதைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

முடி நிற ஜீனுக்கும் வலிக்கும்கூடத் தொடர்பு உண்டு. வெள்ளையரில் செம்முடிக்காரர்களிடம் மாறியிருப்பது எம்.சி.1.ஆர். என்னும் ஜீன். அம்மாறுதலுள்ள எலிகள் வலியைக் கூடுதலாகத் தாங்குவதாக அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2021-ல் அறிவித்தனர். நிறமியே இல்லாத எலிகளிலும், இம்மாறுதல் இருந்தால் அதே பலன்தான். ஆகவே வலியைத் தாங்க வைப்பது நிறமல்ல, ஜீன்.

வெண்முடிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பார்வை மங்கல். வெயில் தோலைச் சுடும். அவர்களுக்கு வேண்டியது மந்திரிப்பல்ல. கண் டாக்டரின் யோசனை, முழுக்கைச் சட்டை, தொப்பி, வகுப்பில் முன் பெஞ்சு. இவை கிடைத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து முன்னேறுவார்கள்.